கூப்பிடாத டோக்கன்கள்

'சாஃப்ட்வேர் ப்ராப்ளம்' என்ற இரண்டு சொற்களை முதன்முதலில் சேர்த்துச் சொன்னவர் யாரென்று எனக்குத் தெரியாது. என் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன். எந்த அலுவலகத்தில் எது கெட்டாலும் இந்த இரண்டு சொற்களைச் சொல்லிவிட்டால் போதும், எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு டீ குடிக்கப் போய்விடலாம். சாஃப்ட்வேர் என்ன மழையில் தானாக முளைத்த காளானா? யாரோ ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதியது. வேறு யாரோ ஒருவர் அதில் கை வைத்து மாற்றியது. அவர்களுக்கெல்லாம் முகம் உண்டு, மாதச் சம்பளம் உண்டு, மதியம் தயிர் சாதம் உண்டு. திட்டு வாங்குவது மட்டும் சாஃப்ட்வேர்.

திருப்பதியில், அலிபிரிக்குப் போகும் சாலையில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கும் சின்ன நிறுவனத்தில் நான் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் வேலூர் பக்கம். வாரக் கடைசியில் பாகாலா, சித்தூர் வழியாகப் போகும் ரயிலில் ஊருக்குப் போய், திங்கட்கிழமை காலையில் அதே ரயிலில் தூங்கி வழிந்தபடி திரும்புவேன். நான் எழுதுவது டெஸ்க்டாப் நிரல்கள். இதைச் சொன்னால் என்னோடு படித்தவர்கள் சிரிக்கிறார்கள். "இந்தக் காலத்துலயும் டெஸ்க்டாப்பா?" என்று கேட்கும் அவர்களுடைய குரலில் ஒரு பரிதாபம் இருக்கும், கேட்டாலே எரிச்சல் வரும். சித்தூரைச் சுற்றியுள்ள மாம்பழக்கூழ்த் தொழிற்சாலைகளுக்கு ஒருமுறை வந்து பார்க்கட்டும். மழை தூறினாலே இன்டர்நெட் படுத்துவிடும் இடத்தில், எடைமேடை அறையில் இருக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டரும், கேட்டில் இருக்கும் இன்னொன்றும், நடுவில் ஒரு கேபிளும், எல்லாவற்றுக்கும் ஒரு டேட்டாபேஸும் போதும். பருவம் முழுக்க வேலை நடக்கும். நடக்க வேண்டும்.

அப்படியொரு தொழிற்சாலைக்குத்தான் நான் டோக்கன் நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். தோத்தாபுரி மாம்பழக் காலத்தில் அந்தத் தொழிற்சாலை வாசலில் டிராக்டர்களும் மினி லாரிகளும் சாலையோரமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கும். ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் எண். உள்ளே இத்தனை வண்டிகள்தான் நிற்க முடியும் என்று ஒரு கணக்கு. ஒரு வண்டி பழத்தைக் கொட்டிவிட்டு, காலி எடை போட்டு, வெளியே போனால்தான் அடுத்த வண்டி உள்ளே வரலாம். எடைமேடை ஆபரேட்டர் காலி எடையைப் பதிந்து 'சேவ்' அழுத்தியதும், டேட்டாபேஸ் வரிசையில் அடுத்திருக்கும் எண்ணை 'கூப்பிடலாம்' என்று குறித்துவிட்டு, கேட்டில் இருக்கும் நிரலுக்கு ஒரு செய்தி தட்டும். அந்த நிரல் எண்ணைப் பெரிய திரையில் காட்டி, மைக்கில் மூன்று தடவை கூப்பிடும். காவலாளி 'வந்தது' அல்லது 'வரவில்லை' என்ற பொத்தானை அழுத்துவார். இவ்வளவுதான் விஷயம்.

இந்தத் தட்டலுக்கு எங்கள் தொழிலில் ஈவென்ட் என்று பெயர். இது வீட்டுக் காலிங் பெல் மாதிரி. பெல் அடித்தால் வாசலில் யாரோ இருக்கிறார்கள் என்று மட்டும்தான் தெரியும். பால்காரரா, பக்கத்து வீட்டுக்காரரா, நாலு பேர் சேர்ந்து வந்திருக்கிறார்களா என்று பெல் சொல்லாது. எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்க்க வேண்டும். டேட்டாபேஸும் 'ஏதோ நடந்தது' என்றுதான் சொல்லும். அதிலும் ஆபரேட்டர் சேவ் அழுத்தி, அந்தப் பதிவு உள்ளே நிலையாக ஏறி 'கமிட்' ஆன பிறகுதான் சொல்லும். அதற்கு முன்னால் அவர் எவ்வளவு தட்டச்சு செய்து வைத்திருந்தாலும் வெளியே ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. இன்னொரு சங்கதியும் உண்டு. அடுத்தடுத்துச் சடசடவென்று சேவ் ஆனால், டேட்டாபேஸ் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருக்காது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தட்டலாக அனுப்பி, இது இத்தனை முறை நடந்தது என்று ஓர் எண்ணிக்கையை மட்டும் கூடவே கொடுக்கும்.

அதனால்தான் நான் மிகுந்த கவனத்தோடு எழுதியிருந்தேன். செய்தி வந்தால் அந்த இடத்தில் எந்த வேலையும் செய்யாதே, 'பெல் அடித்தது' என்று ஒரு குறிப்பை மட்டும் போட்டுவிட்டுத் திரும்பி வா. திரையைப் பார்த்துக்கொள்ளும் பகுதி அந்தக் குறிப்பைப் பார்த்து, டேட்டாபேஸிடம் போய், 'கூப்பிடலாம் என்று குறித்தும் இன்னும் மைக்கில் கூப்பிடாத எண்கள் என்னென்ன?' என்று கேட்க வேண்டும். எத்தனை வந்தாலும் ஒவ்வொன்றாகக் கூப்பிட வேண்டும். பெல் ஒரு தடவை அடித்தாலும் வாசலில் நிற்கும் நாலு பேரையும் உள்ளே விட வேண்டும், அவ்வளவுதானே? சின்னக் குழந்தைக்குச் சொன்னால்கூடப் புரியும்.

எங்கள் டீம் லீடருக்குப் புரியவில்லை. புரியவில்லை என்றுகூடச் சொல்ல மாட்டேன், புரிந்துகொள்ள அவருக்குப் பொறுமை இல்லை. பருவம் தொடங்கும் முன் தொழிற்சாலை முதலாளிக்கு நிரலைக் காட்டினோம். நாலைந்து பதிவுகளை ஒரே மூச்சில் சேவ் செய்து காட்டச் சொன்னார் முதலாளி. மைக் நாலைந்து எண்களையும் வரிசையாகக் கூப்பிட்டது. முதலாளி முகம் சுளித்து, "என்னய்யா இது, ரயில்வே ஸ்டேஷன் மாதிரி?" என்றார். எங்கள் லீடர் பல்லைக் காட்டியபடி, "மார்ச்சுடலாம் சார்" என்றார். மாற்றிவிடலாமாம். தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் மனிதர் அவர். எந்த மொழியில் பேசினாலும் முதலாளி முன்னால் ஒரே சொல்தான் வரும்.

நான் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்த வாரத்தில் அவரே மாற்றிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? நான் எழுதியதுதானே, அவர் எழுதியதா!

பழக்காலம் பாதி போன பிறகு தொழிற்சாலையிலிருந்து புகார்கள் வர ஆரம்பித்தன. விவசாயிகள் தங்கள் எண்ணைக் கூப்பிடவே இல்லை என்று கேட்டில் சண்டை போடுகிறார்கள். கூப்பிட்டபோது வராத வண்டி வரிசையின் கடைசிக்குப் போய்ப் புது டோக்கன் வாங்க வேண்டும் என்பது அங்கே விதி. லீடர் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே சோதித்துப் பார்த்தார். ஒரு சேவ், ஒரு வாய் காபி, இன்னொரு சேவ். எல்லாம் சரியாக வேலை செய்தது. "நெட்வொர்க் இஷ்யூமா. இல்லன்னா டீ குடிக்கப் போயிருப்பானுங்க. போனவனுங்க நம்மள சொல்றானுங்க" என்று முடித்துவிட்டார். 'போயிருப்பானுங்க'. பார்த்த மாதிரி சொன்னார்.

புகார் நிற்கவில்லை. முதலாளி நேரடியாகக் கோபப்பட்டதும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என்னைச் சித்தூருக்கு அனுப்பினார்கள். லீடர் அன்று விடுப்பில் இருந்தார். குடும்பத்தோடு அலிபிரியிலிருந்து நடந்து மலையேறுவதாக வேண்டுதல்.

தொழிற்சாலை வாசலில் இறங்கியபோதே அந்த வாசனை வந்தது. பழவாசனை என்று சொன்னால் இனிமையாக ஏதோ நினைத்துக்கொள்வீர்கள். இது வெயிலில் நாள்கணக்கில் நின்ற பழத்தின் புளித்த வாடை. வண்டிகளுக்கு அடியில் நிழல் தேடி ஆண்கள் படுத்திருந்தார்கள். நான் பையோடும் லேப்டாப்போடும் நடந்து போவதைப் பார்த்து, வரிசையின் வாலில் நின்ற ஒரு மினி லாரியின் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி எழுந்து வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தலையில் துண்டு கட்டியிருந்தார்.

"நீதான் அந்தக் கம்ப்யூட்டர் பொண்ணா?"

"ஆமாங்கக்கா."

"எங்க நம்பர ஏம்மே கூப்புடல?" என் பையைப் பிடித்து நிறுத்தினார். "நான் இங்கயேதான் குந்திக்கினு கீறேன். சோறு துன்னக்கூட எங்கயும் போவல. வண்டியாண்டயே வாங்கித் துன்னுக்கினு, மைக்கு எப்ப கூவும்னு காத வச்சிக்கினு இருந்தேன். நேத்து காலைல எங்களுக்கு முன்னால நின்னவன கூப்ட்டாங்கோ. அப்பால எங்கள வுட்டுட்டு, எங்களுக்குப் பின்னால நின்னவன கூப்ட்டாங்கோ. போய்க் கேட்டா, உன்ன கூப்ட்டாச்சு, நீ வரல, கடைசில போய் நில்லுன்றான். நான் எங்கம்மே போனேன்?"

அவர் சாந்திபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்திருந்தார். பேசப் பேசத்தான் விஷயம் முழுதாகப் புரிந்தது. போன வருஷம் வரை காயை ஊரிலேயே மண்டிக்காரரிடம் போட்டுவிடுவார்கள். இந்த வருஷம் தொழிற்சாலைக்கு நாமே கொண்டுபோவோம் என்று பிடிவாதம் பிடித்தது இவர்தான். வீட்டுக்காரருக்கு இஷ்டமில்லை. பங்காளிகளும் கேலி பேசியிருக்கிறார்கள்.

"எங்க நைனா ஊரான் தோப்புல மாங்கா அறுத்துக்கினு இருந்தவரு. எங்களுக்குன்னு ஒரு குழி நெலம் கெடயாது. இப்ப இது எங்க நெலம், எங்க மரம், எங்க காயி. ஃபேக்டரிக்காரன் முன்னால நானே நின்னு எட போடணும்னு வந்தேன். இப்ப ரெண்டு நாளா ரோட்ல நின்னுக்கினு கீறேன். இத்த தொட்டுப் பாரும்மே."

ஒரு பழத்தை என் கையில் வைத்தார். விரல் பட்ட இடம் அமுங்கியது. உள்ளே பழத்தைப் பார்வையிடுபவர்கள் கனிந்ததை எடுப்பார்கள், அழுகலை எடுக்க மாட்டார்கள். இந்த வெயிலில் இன்றைக்கு உள்ளே போனால் பிழைத்தது. நாளைக்கென்றால் முடிந்தது.

நான் நேராகக் கேட் இன்சார்ஜிடம் போனேன். அந்த வண்டி எங்கேயும் போகவில்லை, இங்கேயேதான் நின்றது, உள்ளே விடுங்கள் என்றேன். அவர் திரையைக் கூடப் பார்க்காமல் சொன்னார்: "சிஸ்டம்லோ பிலிச்சினட்டு உந்தி, மேடம்." சிஸ்டத்தில் கூப்பிட்டதாக இருக்கிறதாம். திரையில் எண் அதைத் தாண்டிப் போய்விட்டால் கூப்பிட்டாயிற்று என்று கணக்கு.

"அந்த சிஸ்டத்தை எழுதினதே நான்தாங்க."

"அப்ப கரெக்டாத்தான் எழுதியிருப்பீங்க, மேடம்" என்றார் அவர், ரொம்ப மரியாதையாக.

அந்த மரியாதைக்கு ஓங்கி ஒன்று கொடுக்கலாம் போலிருந்தது. ஒரு பெண் கண் முன்னால் நின்று 'நான் இங்கேதான் இருந்தேன்' என்கிறார். பக்கத்து வண்டிக்காரர்கள் ஆமாம் என்கிறார்கள். அதெல்லாம் சாட்சி இல்லை. ஒரு கண்ணாடிப் பெட்டியில் தெரியும் எண் சாட்சி. ஒருவரை விட்டால் எல்லோரும் அதையே சொல்வார்கள் என்று அவருக்குப் பயம். எல்லோரும் அதையே சொல்கிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்கும் என்று தோன்றவில்லை.

சரி, நிரூபித்துக் காட்டிவிட்டுப் பேசலாம் என்று எடைமேடை அறைக்குப் போனேன். ஆபரேட்டர் நெற்றியில் நாமம் இட்ட அமைதியான மனிதர். வேலையில் சுத்தம். காலையிலிருந்து அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு காலி எடைக்கும் சேவ், ஒவ்வொரு சேவுக்கும் கேட்டில் ஓர் எண், மைக்கில் ஒரு குரல். ஒரு பிசகும் இல்லை. லீடர் சொன்னது சரிதானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வெளியே அந்த அக்கா இரண்டு முறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் மைக் நின்றுபோனது. கேட்டில் திரை அப்படியே இருந்தது. ஆனால் ஆபரேட்டர் சும்மா இல்லை. வண்டிகள் வந்து காலி எடை போட்டுக்கொண்டுதான் இருந்தன. அவர் எடையைப் பதிந்தார், சேவ் அழுத்தாமல், கம்ப்யூட்டர் திரையில் அந்தப் பதிவின் சன்னலை, அதாவது விண்டோவை, அப்படியே கீழே இறக்கிவைத்தார். வண்டிக்காரருக்குக் கையால் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார். அடுத்த வண்டிக்கு இன்னொரு சன்னல். அதையும் இறக்கினார். திரையின் அடியில் சின்னச் சின்னக் கட்டங்களாகச் சன்னல்கள் சேர்ந்துகொண்டே போயின.

"ஏன் சேவ் பண்ண மாட்டேங்கறீங்க?" என்று கேட்டேன்.

அவர் சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினார். "ராகு காலம்லோ லெக்க முகிஞ்சகூடது, மேடம்." ராகு காலத்தில் கணக்கை முடிக்கக் கூடாதாம். எடை போடலாம், எழுதலாம், வண்டியை அனுப்பலாம். வேலையை நிறுத்தினால் முதலாளி திட்டுவார். முடிக்கும் அந்த ஒரு அழுத்தலை மட்டும் தள்ளி வைக்கிறார். அவர் அப்பா மண்டியில் கணக்கு எழுதிய காலத்திலிருந்தே அப்படித்தானாம்.

ராகு காலம் தினமும் ஒரே நேரத்தில் வராது. திங்கட்கிழமை காலையில், செவ்வாய்க்கிழமை பிற்பகலில், புதன்கிழமை நடுப்பகலில். புகார்களும் அப்படித்தான் இடம் மாறி இடம் மாறி வந்திருக்கின்றன. அந்த அக்காவின் எண் தவறியது திங்கட்கிழமை காலை.

காத்திருந்தேன். ராகு காலம் முடிந்தது. ஆபரேட்டர் மேசை மேலிருந்த வெங்கடாசலபதி படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இறக்கிவைத்த சன்னல்களை ஒவ்வொன்றாக ஏற்றி, சேவ், சேவ், சேவ் என்று படபடவென அழுத்தினார். நான் கேட்டுக்கு ஓடினேன். மைக் ஒரே ஒரு எண்ணைக் கூப்பிட்டது. கடைசி எண்ணை. நடுவில் இருந்த எண்களையெல்லாம் திரை ஒரே தாவில் தாண்டிவிட்டது. அந்த எண்களின் வண்டிக்காரர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டிப் பின்னாலிருந்து ஒரு டிராக்டர் புகுந்து போனது. உடனே சண்டை ஆரம்பித்தது.

லேப்டாப்பைத் திறந்து, அலுவலகத்திலிருந்து கடைசியாக வந்த நிரலைப் பார்த்தேன். செய்தி வந்து விழும் இடத்தில் நான் எழுதியதை அழித்துவிட்டு லீடர் தன் கைவரிசையைக் காட்டியிருந்தார். செய்தி வந்தால் டேட்டாபேஸில் 'கூப்பிடலாம்' என்றிருக்கும் எண்களில் ஆகப் பெரியது எதுவோ அதை மட்டும் காட்டு. அவ்வளவுதான். ஒரு தட்டலுக்கு ஓர் எண். ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இல்லாமல் அழகாக, அமைதியாக. செய்தியோடு டேட்டாபேஸ் கொடுக்கும் எண்ணிக்கையை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

நான் ஆபரேட்டர் மேல் கோபப்படவில்லை. அவருடைய நம்பிக்கை அவருக்கு. யாராவது ராகு காலம் பார்ப்பார்கள், யாராவது மூக்குக் கண்ணாடியைத் தேடுவார்கள், யாராவது போனில் பேசியபடி பத்துப் பதிவுகளைச் சேர்த்து வைப்பார்கள். மனிதர்கள் தங்கள் வசதிக்குத்தான் சேவ் அழுத்துவார்கள். செய்தி எப்போது வரும், எத்தனையாகச் சேர்ந்து வரும் என்று நமக்குத் தெரியாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடே இருக்கிறது. அது தெரியாத ஒருவர் எனக்கு லீடர். அவர் காபி குடித்துக்கொண்டே சோதித்ததற்கு ரோட்டில் நிற்பவர்கள் தண்டனை அனுபவிக்க வேண்டும்.

தொழிற்சாலை மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் விளக்கினேன். என் பழைய நிரலைப் போட்டுவிடுகிறேன், தவறிய வண்டிகளை உள்ளே விடுங்கள் என்றேன். பொறுமையாகக் கேட்டார். தலையாட்டினார். பிறகு சொன்னார்: "மீ சார்தோ ஒக்க ஃபோன் சேயிஞ்சண்டி, மேடம்." உங்கள் சாரை ஒரு போன் பண்ணச் சொல்லுங்கள். பழக்கால நடுவில் நிரலை மாற்ற வேண்டுமென்றால் சார் சொல்ல வேண்டும் என்று சாரே சொல்லிவைத்திருக்கிறாராம். கெடுத்தவர் சொன்னால் சரிசெய்யலாம். எழுதியவள் சொன்னால் கூடாது. அவர் அதைச் சொன்ன விதத்தில் 'மேடம்' என்ற சொல், 'நீ போய் ஓரமா நில்லும்மா' என்பது போலவே இருந்தது.

சாருக்குப் போன் செய்தேன். ஸ்விட்ச்டு ஆஃப். மறுபடியும் செய்தேன். அலுவலகத்தில் கேட்டேன். "சார் மலைக்குப் போயிருக்காரு இல்ல, மொபைல டெபாசிட் பண்ணியிருப்பாரு. தரிசனம் முடிஞ்சாத்தான் வாங்குவாரு" என்றார்கள். சாமி கும்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போன் கொண்டுபோகக் கூடாத இடத்துக்குப் போகும் மனிதர், தன் அனுமதி இல்லாமல் ஒரு துரும்பும் அசையக் கூடாது என்று கட்டளை போட்டுவிட்டுப் போவாரா? நான் அந்தத் தொழிற்சாலை வாசலில், வேப்பமர நிழலில், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தேன். சரியான நிரல் என் கையில் தயாராக இருந்தது. அதைப் போட சில நிமிஷம் போதும்.

இடையில் ஒரு முறை அந்த அக்காவிடம் போய், காரணம் தெரிந்துவிட்டது, உங்கள் மேல் தப்பில்லை என்றேன். "அத்த நான் காலைலயே சொன்னேனேம்மே" என்றார். "உள்ள வுடுவாங்களா?"

"சார் போன் பண்ணணும்க்கா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கும் எங்கள மாரித்தானா?" என்று கேட்டுவிட்டு, போய் வண்டி நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

வெயில் இறங்கிய பிறகு போன் வந்தது. லீடர் நல்ல சந்தோஷத்தில் இருந்தார். தரிசனம் ரொம்பத் திருப்தி, லட்டு எடுத்து வைக்கவா என்று கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன்.

"டேட்டா ஏதாவது போச்சா?" என்றார்.

"டேட்டா போகலை சார்."

"அப்ப மைனர் இஷ்யூதான்மா. பழையதையே போட்டுடு. மேனேஜர்கிட்ட நான் பேசறேன். காரணம் எல்லாம் ரொம்ப வெளக்க வேணாம், சின்ன சாஃப்ட்வேர் ப்ராப்ளம்னு சொல்லிக்கலாம்."

நான் போனை வைத்துவிட்டேன். சார் பேசியதும் மேனேஜர் முகம் மலர்ந்தது. உடனே மாற்றலாம், தவறிய வண்டிகளையும் விடலாம் என்றார். நான் முதலில் வரிசையின் கடைசிக்கு ஓடினேன்.

மினி லாரி நின்ற இடம் காலியாக இருந்தது. சாலையோரப் பள்ளத்தில் மாம்பழங்கள் குவியலாகக் கிடந்தன. இரண்டு மாடுகள் அதில் வாய் வைத்திருந்தன. பக்கத்து டிராக்டர்க்காரர் சொன்னார்: "லாரிக்காரு வேற வாடகைக்குப் போவணும்னு கெளம்பிட்டாரும்மா. பழம் ஒழுவ ஆரம்பிச்சுச்சு, இனி வச்சிக்கினு இருந்தா ஆவாதுன்னு அந்தம்மாவே கொட்டச் சொல்லிடுச்சு. முன்னால ஏறி உக்காந்துக்கினு போய்ட்ச்சு."

எப்போது போனார் என்று கேட்டேன். கொஞ்சம் முன்னால்தான் என்றார். எனக்கு அழுகை வரவில்லை. கெட்ட வார்த்தைகள்தான் வந்தன. தெரிந்த எல்லா மொழியிலும் வந்தன.

கேட்டுக்குத் திரும்பி வந்து என் நிரலைப் போட்டேன். அது திறந்தவுடன் செய்யும் முதல் வேலை, நான் சொல்லிக்கொடுத்த கேள்வியை டேட்டாபேஸிடம் கேட்பது. கூப்பிடலாம் என்று குறித்தும் இன்னும் மைக்கில் கூப்பிடாத எண்கள் என்னென்ன? பருவம் தொடங்கியதிலிருந்து லீடரின் நிரல் தாண்டிப்போன எண்கள் எல்லாம் அங்கே அப்படியே காத்துக்கிடந்தன. டேட்டா எதுவும் போகவில்லை.

மைக் கூப்பிட ஆரம்பித்தது. வாரக்கணக்கில் பழைய எண்கள். மூன்று தடவை கூப்பிட்டு, பொத்தானுக்காகக் காத்திருக்கும். காவலாளி திகைத்துப்போய், "இவன்னி பாத நம்பர்லு கதா, மேடம்?" என்றார். பழைய எண்கள் ஆச்சே. ஒரே கட்டளையில் நான் அத்தனையையும் அழித்திருக்கலாம். எங்கள் லீடராக இருந்தால் அதைத்தான் முதலில் செய்திருப்பார்.

"கூப்பிடட்டும்" என்றேன்.

காவலாளி 'வரவில்லை' அழுத்தினார். அடுத்த எண். 'வரவில்லை'. அடுத்த எண். சாலையில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் உரக்கச் சொன்னார்: "டேய், இது போன வாரம் எங்க மாமா வண்டி நம்பருடா! கூப்புடவே இல்லன்னு தலயால அடிச்சிக்கினாரு!" கேட் இன்சார்ஜ் வெளியே வந்து நின்றார். மேனேஜர் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தார். மைக் மட்டும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பிற்பகலில் தவறிய வண்டிகளின் எண்களுக்கு முன்னால் அந்த அக்காவின் பழைய திங்கட்கிழமை எண் வந்தது.

முதல் தடவை கூப்பிட்டது. இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை. காவலாளியின் விரல் 'வரவில்லை' மேல் போனது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தத் திரையில் இரண்டே பொத்தான்கள்தான் இருந்தன. அந்த அக்கா வந்தார். எடைமேடை முன்னால் தானே நிற்க வேண்டும் என்று வந்தார். சோறு தின்னக்கூடப் போகாமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைச் சொல்ல ஒரு பொத்தான் இல்லை.

"மேடம், இத அழுத்தலன்னா அடுத்த வண்டி வராது" என்றார் காவலாளி. பின்னால் டிராக்டர்கள் ஹாரன் அடித்தன. அவர்களிடமும் பழம் இருந்தது, அதுவும் கனிந்துகொண்டிருந்தது. கையை எடுத்துவிட்டேன். அவர் அழுத்தினார். 'வரவில்லை' என்று பதிந்தது, அந்த நொடியே கமிட் ஆனது.